கணக்கு அனுமதித்தாலும் பீமில் ரிங் இடைவெளியை ஏன் கூட்டக் கூடாது? – ஷியர் வடிவமைப்பு பற்றிய விவாதம்

இளம்பொறியாளர்

அனைவருக்கும் வணக்கம். ஒரு சிறு கூடத்தின் கூரைக்கு நான் வடிவமைத்த பீம் ஒன்றைப் பற்றி விளக்கம் வேண்டி இந்த இழையைத் தொடங்குகிறேன். பீம் இரண்டு செங்கல் சுவர்களின் மேல் அமர்கிறது. தெளிவிடைவெளி 5 மீட்டர், அகலம் 230 மிமீ, மொத்த ஆழம் 450 மிமீ, பயனுறு ஆழம் (மேல்முகத்திலிருந்து அடிக்கம்பியின் மையம் வரை) 410 மிமீ. கான்கிரீட் எம்25, கம்பி எஃப்இ500. காரணி சேர்த்த (பாதுகாப்புக்காகப் பெருக்கிய) சுமை மீட்டருக்கு 36 கிலோநியூட்டன். அடியில் 20 மிமீ கம்பிகள் மூன்று, அதாவது ஏறத்தாழ 1 சதவீதம்.

தாங்கியின், அதாவது சுவரின், முகப்பில் வெட்டு விசை (ஷியர்) 90 கிலோநியூட்டன் வருகிறது. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்திய விதியான ஐஎஸ் 456 அனுமதிப்பதால் முகப்பிலிருந்து 410 மிமீ தள்ளி எடுத்தால் அது 75.2 ஆகிறது, பெயரளவு வெட்டுத் தகைவு 0.80 நியூட்டன்/மிமீ². அட்டவணை 19இன்படி 1 சதவீதக் கம்பிக்கு எம்25 கான்கிரீட் தாங்கக்கூடியது 0.64, அதாவது 60.4 கிலோநியூட்டன். ஆகவே ரிங், அதாவது நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி, தாங்க வேண்டிய மீதி 15 கிலோநியூட்டனுக்கும் குறைவுதான். 8 மிமீ இருகால் ரிங்குக்கு இடைவெளி கணக்கிட்டால் 998 மிமீ, கிட்டத்தட்ட ஒரு மீட்டர், வருகிறது.

என் மூத்த பொறியாளர் 300க்கு மேல் போகவே கூடாது என்கிறார். ஒப்பந்ததாரரோ, நடுப்பகுதியில் வெட்டு விசை பூஜ்யத்தை நெருங்குகிறதே, அங்கே 450 வைத்தால் என்ன என்று கேட்கிறார். விதியில் 300 என்று எழுதியிருப்பது எனக்குத் தெரியும். கணக்கு ஒரு மீட்டர் என்று சொல்லும்போது விதி 300 என்று சொல்வதற்கு என்ன காரணம் என்பதே என் கேள்வி.

காரைவினை

நல்ல கேள்வி. நீங்கள் போட்ட கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தச் சூத்திரம் எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்பதைப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கிறது.

பீமில் சாய்வு விரிசல் விழுந்த பிறகு, அதன் இரு புறமும் உள்ள கான்கிரீட்டுத் துண்டுகளை எது பிணைத்து நிற்கிறது? விரிசல் எட்டாத மேல்பகுதியில் அழுத்தத்தில் இருக்கும் கான்கிரீட் ஒரு பங்கைத் தாங்குகிறது. விரிசலின் இரு முகங்களிலும் துருத்தி நிற்கும் ஜல்லிகள் ஒன்றையொன்று உரசிப் பிடிப்பதால் இன்னொரு பங்கு கடத்தப்படுகிறது. விரிசலைக் குறுக்கே கடக்கும் அடிக்கம்பி கீழ்நோக்கி மடங்க மறுப்பதால் மூன்றாவது பங்கு கிடைக்கிறது. நான்காவதாக, விரிசலைக் கடக்கும் ரிங்குகளின் இழுவிசை. நீங்கள் 0.64 என்று எடுத்தது முதல் மூன்றின் கூட்டுத்தொகைதான். அது கான்கிரீட்டின் தனிப்பட்ட குணம் அன்று. அடிக்கம்பி விகிதம் கூடினால் அட்டவணையின் மதிப்பும் கூடுவதற்கு, கம்பி அதிகமாக இருந்தால் விரிசல் குறுகலாக இருக்கும், குறுகலாக இருந்தால் ஜல்லிப் பிடிப்பு வலுவாக இருக்கும் என்பதே காரணம்.

ரிங்கின் கணக்கு 45 பாகை சாய்ந்த விரிசலைக் கற்பனை செய்கிறது. 1899இல் ரிட்டர் முன்வைத்து, பின்னர் மோர்ஷ் வளர்த்தெடுத்த டிரஸ் ஒப்புமை இது: ரிங்குகள் செங்குத்து இழுவை உறுப்புகள், விரிசல்களுக்கு இடைப்பட்ட கான்கிரீட் சாய்வு அழுத்த உறுப்புகள். 45 பாகை விரிசல் கிடைமட்டமாகக் கடக்கும் தூரம் ஏறத்தாழ பயனுறு ஆழமே. உங்கள் பீமில் 410 மிமீ. சூத்திரத்தில் ஆழத்தை இடைவெளியால் வகுப்பது, அந்த விரிசலை எத்தனை ரிங்குகள் கடக்கின்றன என்ற எண்ணிக்கைக்காகத்தான். 998 மிமீ இடைவெளி வைத்தால் அந்த எண்ணிக்கை 0.41. பூஜ்யம் தசம் நான்கு ரிங் என்று ஒன்று தளத்தில் இல்லை. ஒரு ரிங் விரிசலில் மாட்டும், அல்லது இரண்டு ரிங்குகளுக்கு நடுவே விரிசல் எதையும் தொடாமல் மேலே போய்விடும்.

இடைவெளி பயனுறு ஆழத்தில் 0.75 பங்கைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு, விரிசல் எங்கே விழுந்தாலும் ஒரு ரிங்காவது அதைக் கடந்தே தீர வேண்டும் என்பதற்காக. உங்கள் பீமுக்கு அது 307 மிமீ. 300 என்ற முழு வரம்பு அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறது. 300 வைத்தால் ரிங்கின் பங்கு 49.6 கிலோநியூட்டன், மொத்தம் 110. தேவையோ 75. கூடுதலாகத் தெரியும் அந்த 35 கிலோநியூட்டனை விரயம் என்று பார்க்காதீர்கள்.

இன்னொன்று: எஃப்இ500 கம்பியில் ரிங் செய்தாலும் வெட்டுக் கணக்கில் கம்பியின் வலிமையை 415 நியூட்டன்/மிமீ²க்கு மேல் எடுக்க விதி இடம் தரவில்லை. உங்கள் 998ஐப் பார்த்தால் 415 வைத்தே போட்டிருக்கிறீர்கள். சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

தளநோக்கு

மேலே சொன்ன விளக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் தளத்திலிருந்து ஒரு எதிர்வாதம் வைக்கிறேன். பழைய கட்டடங்கள் பலவற்றைத் திருத்த வேலைக்காக உடைத்துப் பார்த்தபோது, 6 மிமீ ரிங்கை ஓர் அடிக்கும் மேலான இடைவெளியில் பார்த்திருக்கிறேன். அடிக்கம்பியில் இரண்டைத் தாங்கிக்கு அருகே சாய்வாக மேலே வளைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அவை இன்றும் நிற்கின்றன. தளத்தட்டில், அதாவது ஸ்லாபில், ரிங் என்பதே கிடையாது, அதுவும் நிற்கிறது. அப்படியிருக்க ஒரு சிறு கூடத்தின் பீமின் நடுவில் 450 இடைவெளி வைப்பதை இவ்வளவு கடுமையாக எதிர்க்க வேண்டுமா?

காரைவினை

உங்கள் கேள்வியில் மூன்று வேறு பொருள்கள் இருப்பதால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

வளைத்த கம்பி வேலை செய்யும், அதில் ஐயமில்லை. ஐஎஸ் 456 இன்றும் அதைக் கணக்கில் எடுக்க அனுமதிக்கிறது. ஆனால் ரிங் தாங்க வேண்டிய மொத்தத்தில் பாதிக்கு மேல் வளைத்த கம்பியின் பங்காக எடுக்கக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. வளைத்த கம்பி ஒரே இடத்தில் விரிசலைக் கடக்கிறது. அது கடக்காத இடத்தில் விரிசல் விழுந்தால் உதவி இல்லை. ரிங் செய்யும் இன்னொரு வேலையையும் அது செய்யாது. விரிசல் விழுந்த பின் அடிக்கம்பி கீழே இழுபட்டு, தன்னை மூடியிருக்கும் கவர் கான்கிரீட்டை நீளவாக்கில் பிளந்துகொண்டு போகும். ரிங்கின் அடிக்கால் அந்தக் கம்பியைத் தொட்டில் போலத் தாங்கி நிறுத்துகிறது.

ஸ்லாபுக்கு வருவோம். 125 மிமீ ஸ்லாப், 3.5 மீட்டர் இடைவெளி, சதுர மீட்டருக்கு 12 கிலோநியூட்டன் காரணி சேர்த்த சுமை என்று வைத்தால், ஒரு மீட்டர் அகலத்துக்கு வெட்டு விசை 21 கிலோநியூட்டன். பயனுறு ஆழம் 100 மிமீ என்றால் தகைவு 0.21. அதே ஸ்லாபில் 0.3 சதவீதக் கம்பி இருந்தால் அட்டவணை தரும் 0.38ஐ, 150 மிமீக்குக் குறைந்த ஸ்லாபுக்குரிய 1.3 என்ற பெருக்கியுடன் சேர்த்தால் 0.50 கிடைக்கிறது. தேவை, தாங்குதிறனில் பாதிக்கும் கீழே. தவிர, ஸ்லாபில் ஓரிடத்தில் பலவீனம் இருந்தால் பக்கத்துப் பகுதி சுமையைப் பகிர்ந்துகொள்ளும். 230 மிமீ அகலப் பீமுக்குப் பக்கத்துப் பகுதி என்று ஒன்று இல்லை.

பழைய கட்டடங்கள் நிற்கின்றன என்ற மூன்றாவது வாதத்தைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை வடிவமைத்த முழுச் சுமையை ஒரு நாளும் பார்த்ததில்லை. நிற்கிறது என்பதிலிருந்து, எவ்வளவு கையிருப்போடு நிற்கிறது என்பது தெரியாது. வளைவில் தோற்கும் பீம் முதலில் தொய்யும், அடியில் விரிசல்கள் அகலும், பூச்சு உதிரும். உள்ளே இருப்பவர்கள் வெளியேற நேரம் கிடைக்கும். ரிங் இல்லாத பீம் வெட்டில் தோற்கும்போது சாய்வு விரிசல் தோன்றுவதும் பீம் இரண்டாக உடைவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிகழ்ந்துவிடக்கூடும். குறைந்தபட்ச ரிங் எவ்வளவு என்ற விதி இதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது.

பழையஏடு

பழைய கட்டடம் என்று வந்ததால், எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 1955 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஷெல்பி என்ற ஊரில், வில்கின்ஸ் விமானப்படைக் கிடங்கின் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அப்போது அதன் மேல் பெரிதாக எந்தச் சுமையும் இல்லை. கூரை தன் சொந்த எடையில்தான் விழுந்தது. பீம்களின் ஆழம் 914 மிமீ. விழுந்த இடத்தில் ரிங் இல்லை. அன்றைய அமெரிக்க விதிகளின்படி, வெட்டுத் தகைவு அனுமதித்த அளவுக்குள் இருந்ததால் ரிங் தேவைப்படவில்லை. வடிவமைத்தவர்கள் விதியை மீறவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அடுத்த ஆண்டே ஜார்ஜியா மாநிலத்தின் ராபின்ஸ் விமானப்படைத் தளத்தில், இதே வகைக் கிடங்கு ஒன்றிலும் இதே தோல்வி நேர்ந்தது.

போர்ட்லாண்ட் சிமெண்ட் சங்கத்தின் ஆய்வகத்தில் எல்ஸ்ட்னரும் ஹாக்னெஸ்டாடும் அந்தப் பீம்களைச் சிறிதாக்கிச் செய்து சோதித்தார்கள். சிறிய பீம்கள், கிடங்கு விழுந்தபோது இருந்த தகைவைவிட ஏறத்தாழ இரு மடங்கைத் தாங்கின. பின்னர் பீமின் நீளவாக்கில் இழுவிசையும் கொடுத்துச் சோதித்தபோது தாங்குதிறன் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கான்கிரீட் சுருங்குவதாலும் வெப்பம் மாறுவதாலும் நீண்ட பீம்கள் குறுக முயலும். முனைகள் பிடிக்கப்பட்டிருந்தால் உள்ளே இழுவிசை உருவாகும். இந்த இழுவிசையை யாரும் கணக்கில் எழுதியிருக்கவில்லை. இன்னொன்று, விரிசல் விழுந்த இடம் மேல்கம்பிகள் வெட்டி நிறுத்தப்பட்ட இடத்துக்கு மிக அருகில் இருந்தது.

இவற்றோடு அன்று யாரும் சரியாகப் புரிந்துகொள்ளாத ஒரு காரணமும் உண்டு, அதுதான் ஆழம். 1967இல் டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் கானி, மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ஆழத்தை மட்டும் மாற்றிச் செய்த சோதனைகளில், ரிங் இல்லாத பீம் ஆழமாக ஆக அதன் வெட்டுத் தகைவுத் தாங்குதிறன் குறைந்துகொண்டே போவதைக் காட்டினார். பின்னர் ஜப்பானில் ஷியோயாவும் அவரது குழுவினரும் 3 மீட்டர் ஆழம் வரை போய் அதையே கண்டார்கள். ஆழமான பீமில் விரிசல்கள் அகலமாக விழும். அகலமான விரிசலில் ஜல்லிகளின் பிடி விட்டுப்போகும். ஆய்வகத்தில் 300 மிமீ பீமை உடைத்துப் பெற்ற எண்ணை 900 மிமீ பீமுக்குப் போட்டால் அது பாதுகாப்பான பக்கத்தில் நிற்காது.

இளம்பொறியாளர்

மிக்க நன்றி. ஆழத்தின் விளைவு பற்றி எங்கள் பாடத்தில் வரவே இல்லை. ஐஎஸ் 456இன் அட்டவணை 19இல் கம்பி விகிதமும் கான்கிரீட் தரமும் மட்டுமே உள்ளன; ஆழம் எங்கும் இல்லை. ஸ்லாபுக்கு மட்டும் தடிமன் குறைந்தால் கூட்டிக்கொள்ளும் பெருக்கி இருக்கிறது. அப்படியானால் ஆழமான பீமுக்கு அந்த அட்டவணையை நம்பலாமா?

பழையஏடு

ரிங் வைத்த பீமுக்கு நம்பலாம் என்பதே என் கருத்து. குறைந்தபட்ச அளவாவது ரிங் இருந்தால், அது விரிசல் அகலாமல் பிடித்துக்கொள்வதால் ஆழத்தின் விளைவு பெருமளவு மறைந்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டின் அமெரிக்க விதியான ஏசிஐ 318 இந்தக் கருத்தை வெளிப்படையாகவே எழுதியது. குறைந்தபட்ச ரிங் இருந்தால் ஆழத்துக்காக எந்தக் கழிவும் இல்லை. இல்லையென்றால் ஒரு குறைப்புக் காரணி வருகிறது. அந்தக் காரணி 410 மிமீ ஆழத்துக்கு 0.87, 900 மிமீக்கு 0.66, 1500 மிமீக்கு 0.53. ரிங் இல்லாத ஒன்றரை மீட்டர் ஆழ உறுப்பில் ஏறத்தாழ பாதித் திறனை அந்த விதி எடுத்துவிடுகிறது.

ஆகவே ஐஎஸ் 456இல் எனக்கு உறுத்தலாக இருப்பது அட்டவணை 19 அன்று; கணக்கிட்ட தகைவு அனுமதித்ததில் பாதிக்கும் குறைவாக இருந்தால் குறைந்தபட்ச ரிங்கை விட்டுவிடலாம் என்ற சலுகைதான். லிண்டல் போன்ற சிறு உறுப்புகளுக்கு அது பொருந்தும். ஆழமான பீமுக்கோ தடித்த ஸ்லாபுக்கோ அதைப் பயன்படுத்த நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தடித்த ஸ்லாப் என்றதும் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லாவால் நகரின் கான்கோர்ட் மேம்பாலத்தைச் சொல்லியாக வேண்டும். 1970இல் கட்டப்பட்ட அது 2006 செப்டம்பர் 30 அன்று விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள், ஆறு பேர் காயமடைந்தார்கள். பாலத்தின் முனைப்பகுதி ஒரு மீட்டருக்கும் மேல் தடித்த நீட்டு ஸ்லாப். அதில் வெட்டுக்கான கம்பி இல்லை. கட்டிய காலத்தின் விதி அதைக் கேட்கவுமில்லை. பியர் மார்க் ஜான்சன் தலைமையிலான விசாரணை ஆணையம், தாங்கு முனைக்கு அருகே கம்பிகள் தவறான இடத்தில் வைக்கப்பட்டதையும் கான்கிரீட்டின் தரக்குறைவையும் சேர்த்தே காரணமாகச் சொன்னது. வெட்டுக்கம்பி இருந்திருந்தால் உள்ளே பரவிய அந்த விரிசல் இவ்வளவு தூரம் போயிருக்காது.

கம்பிக்கட்டு

மேலே பேசியவர்கள் கணக்கையும் வரலாற்றையும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கம்பி கட்டும் இடத்தில் பார்க்க வேண்டியதை நான் சொல்கிறேன்.

முதலில் செலவு. உங்கள் பீமுக்கு 25 மிமீ கவர் விட்டு ரிங் வளைத்தால் கொக்கிகளோடு சேர்த்து ஒரு ரிங்குக்கு 1.3 மீட்டர் கம்பி போகும். 8 மிமீ கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ என்பதால் அரைக் கிலோ. 5 மீட்டர் முழுவதும் 300 வைத்தால் 17 அல்லது 18 ரிங். நடுவில் இரண்டு மீட்டருக்கு 450 ஆக்கினால் மிச்சமாவது இரண்டு ரிங், அதாவது ஒரு கிலோ கம்பி. இந்த எண்ணை ஒப்பந்ததாரரிடம் சொல்லுங்கள்; விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவதாக, ரிங்கின் கொக்கி. 90 பாகையில் மடக்கி விட்டால் கவர் உதிரும்போது ரிங் வாய் திறந்துகொள்ளும். 135 பாகை மடக்கி, முனையை உள்ளே கான்கிரீட்டுக்குள் செலுத்த வேண்டும். மடக்கிய பின் வரும் நேர்நீளத்தை வெட்டிச் சேமிக்கக் கூடாது. கொக்கிகளை எல்லா ரிங்கிலும் ஒரே மூலையில் வைக்காமல் மாற்றி மாற்றி வைப்பது நல்ல பழக்கம்.

மூன்றாவதாக, முதல் ரிங் எங்கே தொடங்குகிறது என்பது. அளவெடுக்கும் வசதிக்காக முதல் ரிங்கைத் தாங்கி முகப்பிலிருந்து ஒரு முழு இடைவெளி தள்ளி வைப்பவர்கள் உண்டு. அதை 50 மிமீக்குள் தொடங்கச் சொல்லுங்கள். கான்கிரீட் போடும் முன், மின்குழாய் பதிப்பவர் தன் வசதிக்காக ஒதுக்கித் தள்ளிய ரிங்குகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டனவா என்றும் பாருங்கள். வரைபடத்தில் 300 என்று இருந்து தளத்தில் 500 ஆகிப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

காரைவினை

கம்பிக்கட்டு சொன்ன 50 மிமீ, 135 பாகை இரண்டும் நிலநடுக்கத்துக்கான ஐஎஸ் 13920இல் கட்டாயமாகவே உள்ளன. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்த இழையில் பேசும் 300 மிமீ, சுவரின் மேல் அமரும் பீமுக்கு உரியது. தூண்களோடு இணைந்த சட்டகக் கட்டடமாக இருந்தால் கதை வேறு. நிலநடுக்க மண்டலங்களை வகுக்கும் ஐஎஸ் 1893இன் 2002ஆம் ஆண்டுப் பதிப்பில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. மூன்றாம் மண்டலம் முதல் ஐஎஸ் 13920 பொருந்தும். அதன் 2016 பதிப்பின்படி, தூண் முகப்பிலிருந்து ஆழத்தின் இரு மடங்கு தூரத்துக்கு ரிங் இடைவெளி, பயனுறு ஆழத்தில் கால் பங்கு, மிகச் சிறிய நீளக் கம்பியின் விட்டத்தைப் போல் 8 மடங்கு, 100 மிமீ ஆகிய மூன்றில் குறைந்ததைத் தாண்டக் கூடாது. அதற்கு வெளியே ஆழத்தில் பாதி. உங்கள் பீமே ஒரு சட்டகத்தில் இருந்தால் நடுவில்கூட 205 மிமீதான் கிடைக்கும்.

வெட்டு விசையை எடுக்கும் முறையும் மாறுகிறது. பீமின் இரு முனைகளும் தம் வளைவுத் திறனை முழுமையாக எட்டி, அதற்கு மேலும் கம்பி வலுவாக இருந்தால் என்ன வெட்டு விசை பிறக்குமோ, அதற்கு ரிங் வடிவமைக்க வேண்டும். கான்கிரீட்டின் பங்கைச் சேர்க்கவே கூடாது. அடிக்கம்பியைத் தளத்தில் 'பாதுகாப்புக்காக' ஒன்று கூட்டுவது பீமை வெட்டில் பலவீனமாக்கிவிடக்கூடும் என்பது இதிலிருந்து புரியும்.

இளம்பொறியாளர்

இது சுவரில் அமரும் பீம்தான், ஆகவே 300 முழு நீளத்துக்கும் என்று வரைபடத்தில் எழுதிவிடுகிறேன். இன்னும் ஒரே ஐயம். வளைவு குறையும் தாங்கிப் பக்கத்தில் மூன்று அடிக்கம்பிகளில் ஒன்றை நிறுத்திவிட எண்ணியிருந்தேன். ஷெல்பி நிகழ்வைப் படித்த பிறகு தயக்கமாக இருக்கிறது. மேலும் இதே கூடத்தில், இந்தப் பீமின் பக்கவாட்டில் ஒரு சிறு பீம் வந்து சேர்கிறது. அதற்குத் தனியாக ஏதேனும் செய்ய வேண்டுமா?

காரைவினை

நிறுத்தாதீர்கள். ஒரு கம்பி நின்றால் தாங்கி அருகே விகிதம் 0.67 சதவீதமாகிறது, கான்கிரீட்டின் பங்கு 0.64இலிருந்து 0.54க்கு இறங்குகிறது. ரிங் தாங்க வேண்டியது 15இலிருந்து 24 கிலோநியூட்டனாகிறது. 300 இடைவெளி இதையும் தாங்கிவிடும். ஆனால் இழுவைப் பகுதியில் கம்பி முடியும் இடத்தில் தகைவு திடீரென மாறுவதால் விரிசல் அங்கேதான் முதலில் பிறக்கும். அதனால்தான் வெட்டு விசை அனுமதித்ததில் மூன்றில் இரு பங்குக்குள் இருத்தல், அல்லது அந்த இடத்தில் கூடுதல் ரிங் வைத்தல் போன்ற நிபந்தனைகளை விதி போடுகிறது. ஐந்து மீட்டர் பீமில் இரண்டடிக் கம்பியை மிச்சப்படுத்த இவ்வளவும் வேண்டாம்.

சிறு பீம் சேருமிடத்தில் கவனம் தேவை. பயனுறு ஆழத்துக்குத் தள்ளி வெட்டு விசையை எடுக்கலாம் என்ற சலுகை, தாங்கியின் எதிர்விசை பீமின் முனையை அடியிலிருந்து அழுத்தும்போது மட்டுமே செல்லும். உங்கள் பெரிய பீம் சுவரில் அமர்வதால் அதற்குச் சலுகை உண்டு. சிறு பீமோ பெரிய பீமின் பக்கத்தில் தொங்குகிறது. அதற்கு முகப்பிலேயே வெட்டு விசையை எடுங்கள். சிறு பீமின் சுமை, சாய்வு அழுத்தத்தின் வழியே அதன் அடிப்பகுதிக்கு இறங்கித்தான் பெரிய பீமுக்குள் நுழைகிறது. அந்தச் சுமையை அடியிலிருந்து மேலே தூக்கித் தரும் ரிங்குகள் பெரிய பீமில் அந்த இணைப்பிலும் அதை ஒட்டியும், வெட்டுக்கு வைத்ததற்கு மேல் கூடுதலாக, வேண்டும். சிறு பீமிலிருந்து 40 கிலோநியூட்டன் வருகிறது என்று வைத்தால், 8 மிமீ இருகால் ரிங் ஒன்று 36 கிலோநியூட்டன் தாங்கும் என்பதால் இரண்டு ரிங் போதும். இணைப்பின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக வைத்து, சிறு பீமின் அடிக்கம்பி பெரிய பீமின் அடிக்கம்பிக்கு மேலே அமரும்படி கட்டச் சொல்லுங்கள்.